இரண்டு வளைவில் படிந்த பேரம்

இன்று காலை மெக்கானிக் நம் ஜீப்பின் ரேடியேட்டரைக் கழற்றி, கடை முற்றத்தில் வைத்துத் தண்ணீர் பீய்ச்சினான். மஞ்சள் மஞ்சளாகச் சேறு வந்தது. குனிந்து மோந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"அண்ணாச்சி, இதுக்குள்ள ரசமா வச்சிய?"

ஆமாம் என்றேன். கேலி பேசுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். நீ இருந்திருந்தால் அவனை அங்கேயே உட்காரவைத்து, இமயமலையில் ரசம் வைத்த கதையை மத்தியானம் வரைக்கும் சொல்லியிருப்பாய், வேலையும் நின்றிருக்கும். எனக்கு அவ்வளவு பேச வராது. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ எட்டயபுரம் சந்தையில் ஆட்டுத் தரகு. நான் கோவில்பட்டியில் உளுந்தும் பாசியும் வாங்கி விற்கிறவன். அறுபதைத் தொடுகிற வயதில், பனியைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆரம்பித்தாய். ரயிலில் போவோம் என்றேன். "ரயில்ல போனா அவன் நிறுத்துத எடத்துலதான எறங்கணும்?" என்றாய். அதுவும் நியாயம்தான். என் ஜீப் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. மழைக்காலக் கரிசலில் மூட்டை ஏற்றிவர வாங்கியது. பின்னிருக்கைகளைப் பிடுங்கி, பலகை அடித்து, மெத்தை போட்டு, அடியில் அடுப்பும் அரிசியும் அடுக்கினோம். உன் வீட்டு மைனி அஞ்சறைப்பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்தார்.

"வாரத்துக்கு ஒருக்காவாச்சும் ரெண்டு பேரும் குளிங்க. இல்லன்னா வண்டியோட அங்கனயே இருந்துக்கிடுங்க."

அந்த வண்டிக்குள் உன்னோடு குடித்தனம் நடத்தியதற்கு எனக்கு யாராவது மாலை போட்டிருக்க வேண்டும். தூக்கத்திலும் நீ ஆட்டுக்கு விலை பேசுவாய். "பல்லப் பாருய்யா, பல்லப் பாரு" என்று என் வாயைப் பிடித்துத் திறந்தது மகாராஷ்டிரத்தில் எங்கேயோ. அந்தப் பக்கம் கரிமண்ணைக் கண்டதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினாய். ஒரு பிடி அள்ளிப் பார்த்து, "நம்ம மண்ணுதாம்லே. பருத்தி மட்டும் நம்மளதவிட நல்லா நிக்கு" என்று வயிறெரிந்தாய். சுங்கச்சாவடியில்கூடக் குறைத்துக் கேட்ட ஆள் நீ. பின்னால் நின்ற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்ததை, நமக்கு ஆதரவு என்று நினைத்துக்கொண்டாய்.

தண்ணீரைக் கண்டால் நிறைக்காமல் நகர நம் இருவராலும் ஆகாது. நம் பக்கத்தில் எவனால்தான் ஆகும்? குழாயைப் பார்த்த இடத்திலெல்லாம் கேன்களை வாய்வரை நிறைத்தோம். மலையடிவாரத்துக் கடைக்காரர், ரேடியேட்டரில் ஊற்றச் சொல்லிப் பச்சையாக ஒரு திரவத்தை நீட்டினார். "நல்ல தண்ணியே ஊத்துதோம், சாயத்தண்ணி எதுக்கு?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு ஏறினோம். கோவில்பட்டிக்காரனுக்கு ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும் என்று தெரியும். உறையும் என்று எவன் கண்டான்?

பாதி மலையில் வண்டியை நிறுத்திப் படுத்து, மறுநாள் விடிந்து பார்த்தால் கேன்களெல்லாம் உப்பிக் கிடந்தன. "என்னலே இது, எல்லாம் சினையா நிக்கு!" என்று ஒன்றைத் தட்டிப் பார்த்தாய். கல். இன்னொன்று வெடித்தே போயிருந்தது. வெயில் ஏறியதும் ரேடியேட்டர் அடியிலிருந்து சொட்டத் தொடங்கியது. கண்ணுக்கெட்டிய மட்டும் ஒரு கடை, ஒரு மனுசன் இல்லை. மேலே, ஐந்து வளைவு தாண்டி, மலை வெள்ளையாகத் தெரிந்தது.

மஞ்சள் தூள் யோசனை உன்னுடையது. கயத்தாறில் லாரிக்காரர்கள் ஒழுகும் ரேடியேட்டரில் அதைக் கொட்டி அடைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். மைனியின் மஞ்சள் முழுவதையும் கொட்டினோம். போதாதென்று நீ மிளகுத்தூளையும் எடுத்தாய். கையைப் பிடித்து நிறுத்துவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. எஞ்சின் சூடானதும் ரச வாசம் கமகமவென்று எழும்பியது. சொட்டுவதும் நின்றது. "பெருங்காயம் ஒண்ணுதாம்லே கொறை" என்று ஒரு பாறையில் உட்கார்ந்தாய்.

உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உதடு கறுத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டாய்.

"என்னலே மாத்திரை?"

"வாயுவுக்கு."

"வாயுவுக்கு எவம்லே நாக்குக்கு அடியில வப்பான்?"

"நெஞ்சைக் கீறணும்னு டாக்டரு சொல்லிட்டாவ. ஒரு மாசம் தவணை வாங்கிட்டு வந்தேன்" என்றாய்.

"டாக்டர்கிட்டயே தவணையா? கூறுகெட்டவனே, மைனிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அஞ்சறைப்பெட்டியைக் குடுத்திருப்பாளா? ஒங்கிட்டச் சொன்னாத்தான் நீ வண்டியை எடுத்திருப்பியா?"

நான் போட்ட கூச்சல் அந்த மலை நாலு பக்கமும் திருப்பிச் சொல்கிற அளவுக்கு இருந்தது. இப்பவே இறங்குவோம் என்றேன். இம்புட்டுத் தூரம் வந்து சும்மா திரும்பமாட்டேன் என்றாய். அப்புறம் பேச்சை விட்டுவிட்டு, தோள்துண்டை எடுத்து நம் இருவர் கைமேலும் போட்டாய். சந்தையில் விலை பேசுவது அப்படித்தான். வாய் திறக்காமல், துண்டுக்கடியில் விரலைப் பிடித்து அமுக்க வேண்டும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அங்கே சுற்றி நின்றவை வெறும் பாறைகள்.

"எவம்லே பாக்கான் இங்கன? வாயால சொல்லித் தொலை."

"வாயால பேசுனா நீ கத்துவ. எனக்கு மூச்சு இல்ல. ஒரு விரலு, ஒரு வளைவு."

என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாய். நான் உன் ஒரு விரலைப் பிடித்தேன். நீ நாலுக்கு வந்தாய். நான் ஒன்றிலேயே நின்றேன். நீ மூன்று. நான் மனசில்லாமல் இரண்டு. உன் பிடிவாதத்துக்கு எப்படியும் மூன்றில் முடிப்பாய் என்று நினைத்து விட்டுக்கொடுக்கவும் தயாராக இருந்தேன். நீயோ சட்டென்று என் இரண்டு விரலை அமுக்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். பேரம் படிந்துவிட்டது.

இரண்டாவது வளைவில், பாறை நிழலில், முறம் அகலத்துக்குப் பழைய பனி கிடந்தது. பாதி மண். நீ இறங்கி அதைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாய்.

"மீன்காரன் பெட்டியில இதைவிட வெள்ளையா இருக்கும்லே" என்றாய். சொல்லிவிட்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாய். கரைகிற வரைக்கும் திறக்கவில்லை. நான் வண்டியைத் திருப்பினேன். இறங்க இறங்க உனக்கு மூச்சு சீரானது. அடிவாரம் வந்ததும் புரோட்டா கேட்டாய்.

மதுரை ஆஸ்பத்திரியில் உன்னை உள்ளே கொண்டுபோகிற அன்று காலை, அந்தப் பேரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டேன். மூணு வரைக்கும் வந்திருப்பேனே, ஏன் ரெண்டிலே முடிச்ச?

"ஒன் கை நடுங்குச்சுலே. விக்க வந்தவன் கை நடுங்கிட்டா அதுக்கு மேல அமுக்கப்படாது."

பிழைத்து வந்தாய். இடுப்பளவு பனியில் நடந்ததாகச் சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தாய்; நானும் மறுக்கவில்லை. போன தையில் ஒருநாள் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. அதற்குத் துண்டும் இல்லை, பேரமும் இல்லை.

போன வாரம் கழுகுமலைப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் தன் நிலத்தில் விளைந்த உளுந்தைக் கொண்டுவந்தார். அவர் கேட்டதைக் குறைத்து நான் ஒரு விலை சொன்னேன். மூட்டை வாயைப் பிடித்திருந்த அவர் கை லேசாக நடுங்கியது. அவர் கேட்ட விலைக்கே எடை போடச் சொல்லிவிட்டேன். அவர் போனதும் என் மகன், "கொறைச்சே கேட்டிருக்கலாமேப்பா" என்றான். கேட்டிருக்கலாம். முன்பென்றால் கேட்டிருப்பேன். இப்போது விலையைச் சொல்லிவிட்டு என் கண் எதிராளியின் கைக்குத்தான் போகிறது.

ஒழுங்காக வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தவனை இப்படிக் கெடுத்துவிட்டுப் போய்விட்டாயே.