பால்குடமும் பெலாச்சானும்

5 ஜனவரி 1987, பிரிக்பீல்ட்ஸ்

ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் என் அடுப்படியில் யாரோ ஒரு அம்மா சட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்கிறார். இவர் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்தபடி, "சந்திரா, சமையலுக்கு ஆள் வச்சிட்டேன். நல்லம்மாக்கா. ஜெஞ்சாரோம் ஊர்க்காரங்க, இங்க மக வீட்ல இருக்காங்க. நீ கஷ்டப்படுறல்ல" என்கிறார்.

நான் கஷ்டப்படுவது லோரி இடித்துத் தன் கால் ஒடிந்த பிறகுதான் ஐயாவுக்குத் தெரிந்ததாம்! என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அதுவும் நான் விரதம் தொடங்கியிருக்கும் நேரத்தில். இவர் எழுந்து நடந்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். நடக்கிறார். கைத்தடியோடுதான், ஆனாலும் நடக்கிறார்.

அந்த அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன். "அக்கா, தைப்பூசம் முடியிற வரைக்கும் வீட்ல மீன், கறி, முட்டை எதுவும் கூடாது." தலையாட்டினார்.

9 ஜனவரி

எனக்கு ஒரு வேளைச் சாப்பாடுதான். அந்த அம்மா ராத்திரிக்குச் செய்த கங்கோங் கீரை மிளகாய்ச் சம்பல் – சொல்லவே எரிச்சலாக இருக்கிறது – நன்றாகத்தான் இருந்தது. இவர் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார். பத்து வருஷமாக என் சமையலுக்கு வராத "நல்லாருக்கு" அந்த அம்மாவுக்குத் தினமும் வருகிறது.

17 ஜனவரி

தரையில் படுத்து இடுப்பு விட்டுப்போகிறது. முருகா.

4 பிப்ரவரி

தலைவலி என்று அரை நாள் லீவு போட்டு வந்தேன். வாசலிலேயே ஒரு நாற்றம். அடுப்படியில் நல்லம்மாக்கா ஒரு கறுப்புக் கட்டியைக் கரண்டியில் வைத்து நெருப்பில் வாட்டிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா இது?"

"பெலாச்சான்மா. சம்பலுக்கு."

இறால்! இறாலை அரைத்துக் காயவைத்த சாமான்! பெயர்தான் எனக்குத் தெரியும். அம்மா வீட்டில் சுத்த சைவம், இதன் வாசத்தையோ ருசியையோ நான் எங்கே கண்டேன்?

"மீன், கறிதானேம்மா வேணாம்னீங்க? இது மசாலா மாதிரி, கொஞ்சூண்டுதான் போடுறது. எல்லா வீட்லயும் போடுவேனே."

"எத்தனை நாளா?"

"மொத நாள்லேருந்து."

தொண்டை கட்டும்வரை கத்தினேன். சட்டியைக் கொண்டுபோய்க் கால்வாயில் கொட்டினேன். அவர் அழுதுகொண்டே செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகுதான் உறைத்தது. எனக்குத் தெரியாது, சரி. இவருக்கு? சீனன் கடை, மலாய்க்காரர் கடை என்று ஊரெல்லாம் சாப்பிட்ட நாக்காயிற்றே.

கேட்டேன்.

"மொத நாளே தெரியும்லா. சொன்னா நீ அவங்கள அனுப்பிடுவ. சாப்பாடு நல்லாருந்திச்சு. சாமி இதெல்லாமா பாக்குது?"

யாருக்காகய்யா இந்த விரதம்? என் காலா ஒடிஞ்சது? பட்டினி கிடந்து தரையில உருண்டது நான். பக்கத்துல உக்காந்து நான் இறால் திங்கிறதப் பாத்துக்கிட்டே இருந்திருக்கே, வாயத் தொறக்கல – நீயெல்லாம் மனுஷனா?

13 பிப்ரவரி

தைப்பூசம். நான் போகவில்லை. தெரு முழுக்க மஞ்சள் புடவைகள். ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

22 பிப்ரவரி

நல்லம்மாக்காவை அவர் மகள் வீட்டில் போய்ப் பார்த்துக் கூட்டிவந்தேன். அவர் தெரியாமல் செய்தார். தெரிந்தே செய்தவர் என் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது அக்காவைத் துரத்தியது என்ன நியாயம்?

இவரிடமும் சொல்லிவிட்டேன். "அடுத்த வருஷம் பால்குடம் உங்க தலையில. விரதமும் உங்களோடது. விரதக்காரங்க தன் கையால பொங்கித்தான் சாப்பிடணும். அதையும் நீங்கதான் செய்யணும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பிறகு அவரும் நிறுத்திக்கொண்டார்.

24 ஜனவரி 1988

இவர் சமைக்க ஆரம்பித்து மூன்று வாரமாகிறது. கைத்தடி இப்போது இல்லை. வெங்காயம் நறுக்கினால் கண்ணைக் கசக்குகிறார், கடுகு வெடித்தால் பின்னால் குதிக்கிறார். நல்லம்மாக்கா நிலைப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "நான் தொடமாட்டேன் தம்பி, விரதச் சாப்பாடு."

இன்றைக்கு சாம்பார். ஒரு வாய் சாப்பிட்டார், யோசித்தார், இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"சந்திரா, என்னமோ கொறையுது. என்னன்னு தெரியல."

எனக்கும் ஒரு கரண்டி ஊற்றிக்கொண்டேன். பெருங்காயம் போடவில்லை. நல்லம்மாக்காவுக்கும் மணத்திலேயே தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார்.

"சாமி இதெல்லாமா பாக்குது?" என்றேன். "சாப்பிடுங்க."

சாப்பிட்டார்.