விளக்கை அணைத்து எடுத்த படம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலியும் பாப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

“ராத்திரி உன் ஜன்னல்ல என்னதான் தெரியும்? போட்டோ எடுத்து அனுப்பு” என்று கேட்டீர்களே, அதில் ஒரு கூத்து நடந்துவிட்டது. அறை விளக்கு எரியும்போது எடுத்தால் கண்ணாடியில் நானும் கொடியில் காயும் என் நர்ஸ் உடுப்பும்தான் விழுந்தோம். அணைத்துவிட்டு எடுத்தால் தெருவிளக்குகள் வெள்ளைப் பூசணிக்காய்களாக ஊதிப்போயின. இப்படி மாற்றி மாற்றிப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் மூச்சிரைக்க மாடியேறி வந்து கதவைத் தட்டினார்.

“என்னம்மா ஆபத்து? கீழேருந்து பாத்தா, லைட்டைப் போட்டுப் போட்டு யாரையோ கூப்பிடற மாதிரி இருந்துச்சே!”

விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நான் இங்கு வந்த பிறகு என் கதவைத் தட்டிய முதல் ஆள் அவர்தான்.

பிறகு இருட்டில் போனைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து, திரையில் தெருவிளக்கின் மேலேயே விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்தேன். எதிர்க்கட்டட ஜன்னல்கள்கூடத் தெளிவாக விழுந்தன. அந்தப் படத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன்.

என் பழைய தலையணை உறையை அனுப்புங்கள். இங்கே வாங்கியது கன்னத்தில் குத்துகிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. பாப்பாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, நம் வீட்டு ஜன்னலையும் ராத்திரியில் படம் எடுத்து அனுப்புங்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டால் பரவாயில்லை, விளக்கை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

பாப்பாவின் அம்மா