பொல்கொடப் படகில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது

அன்புள்ள மகன் பிரசாந்துக்கு,

வெள்ளவத்தையிலிருந்து அம்மா எழுதுவது. பிள்ளையார் துணையில் நீ அந்தக் குளிர் நாட்டில் நல்ல சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன், கடைசிவரை வாசித்துவிட்டு அது எவ்வளவு உண்மை என்று நீயே யோசித்துப் பார். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டாவது கேள்வி கேட்டவுடன் உனக்கு லைன் கிளியர் இல்லாமல் போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ வாசிக்க முன்னமே அப்பாவுக்கும் உன் அக்கா உஷாந்திக்கும் தெரிந்துவிடுகிறது. ஆகையால் நானே எழுதி, நானே தபால் கந்தோருக்கு நடந்துபோய்ப் போடப்போகிறேன்.

எங்கள் கல்யாண நாளுக்கென்று நீ ஒழுங்குசெய்த படகுப் பயணம் போய்வந்தாயிற்று. நீ அதைப் பற்றிக் கதைத்த அன்றே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. மற்றப் பிள்ளைகள் தாய் தகப்பனைக் கதிர்காமத்துக்கு அனுப்பும், இல்லாவிட்டால் நுவரெலியாவுக்கு அனுப்பும், நீ ஏன் எங்களைப் பொல்கொட வாவியில் இராத்தங்கும் படகில் ஏற்றுகிறாய் என்று கேட்டேன். போன கோடையில் நீ அங்கே கால்வாயில் படகு விட்டுக்கொண்டு போனாயாம், நடக்கிற வேகத்தில் நாள் முழுக்கப் போய்ப் பின்னேரம் ஆளில்லாத கரையில் கட்டிவிட்டு இருந்தால் மனம் ஆறுமாம், அம்மாவுக்கும் அது தேவை என்றாய். என் மனம் ஆற வேண்டிய அளவுக்கு இங்கே என்ன நடந்துவிட்டது, அல்லது இனி என்ன நடக்கப்போகிறது என்று நான் அன்றைக்கே நினைத்தேன். நீ அந்தப் படகில் சுக்கான் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் அனுப்பினாயே, யார் எடுத்தது என்று கேட்டதற்கு ஒரு சிநேகிதன் என்றாய். தண்ணீரில் விழுந்திருந்த அந்தச் சிநேகிதனின் நிழலுக்கு இடுப்பு வரைக்கும் தலைமயிர். நான் போனை மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா. காலிமுகத்திடலுக்கு வாருங்கோ என்றால் முழங்கால் நோகிறது என்கிற மனிசன், படகென்றவுடன் மறுபேச்சில்லாமல் ஓம் என்றார். புதுச் சேட் வாங்கினார். சலூனுக்குப் போய்த் தலைக்கு டை அடித்துக்கொண்டு வந்தார். நான் குசினிக்குள் இருந்து வந்தால் போனைக் கவிழ்த்து வைக்கிறார். போகிற அன்று விடிய உஷாந்தி இரத்மலானையிலிருந்து கார் கொண்டுவந்தாள், நான் வோயில் சீலையோடு வெளிக்கிட, அம்மா அந்த நீலப் பட்டைக் கட்டுங்கோ என்று நிற்கிறாள். படகில் போவதற்கு எதற்கடி பட்டு என்று கேட்டால் படமெடுக்க வடிவாயிருக்கும் என்கிறாள். எங்களைத் துறையில் இறக்கியவள் காரை விட்டு இறங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை, பிள்ளைகளுக்கு ரியூஷன் என்று சொல்லிக்கொண்டு போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்ன ரியூஷன் என்று நான் அப்பாவைக் கேட்டேன். அவர் வாவியில் நீர்க்காகம் நிற்கிறதைக் காட்டினார்.

படகு நல்ல படகுதான், பொய் சொல்லக்கூடாது. இரண்டு அறை, நடுவில் கூரை போட்ட இடம், அங்கே ஒரு மேசையும் பிரம்புக் கதிரைகளும். எங்களுக்கு முன்னமே அங்கே ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். கொட்டாஞ்சேனையாம், மொறாயஸ் என்று பெயர், அவர் துறைமுகத்தில் வேலைசெய்து பென்சன் எடுத்தவர், மனிசியின் பெயர் ஐறீன். என்னைக் கண்டவுடன் அந்த மனிசி எழும்பி நின்றா. பஸ்ஸில் கூட என் வயதுக்காரருக்கு இப்போது யாரும் எழும்புவதில்லை, இவ ஏன் எழும்புகிறா என்று பார்த்தேன். கழுத்தில் மாதா சுரூபம், கையில் கட்லட் டப்பா, இது மரக்கறிக் கட்லட், முட்டையும் போடல்ல என்று நான் கேட்காமலே சொன்னா. மொறாயஸ் படகின் பின்பக்கத்தில் தூண்டிலைப் போட்டுக்கொண்டு இருந்தார், அப்படியே இரண்டு நாளும் இருந்தார், ஒரு மீனும் பிடிக்கவில்லை. தூண்டிலில் இரை கொழுவினதை நான் காணவில்லை. மீன் பிடிக்க வராதவர் எதற்குத் தூண்டில் பிடிக்கிறார் என்று அப்பாவிடம் காதுக்குள் கேட்டதற்கு, நேசம், எல்லாரையும் பொலிஸ்காரி மாதிரிப் பாக்காதை என்றார்.

படகுக்காரன் பியால் நல்ல பெடியன், மெதுவாகத்தான் விட்டான். வடக்கு வாவியைக் கடந்து, தெற்கு வாவிக்குப் போகிற ஆற்றுக்குள் இறங்கினோம். இரண்டு கரையிலும் கண்டல் மரம், வேரெல்லாம் தண்ணீருக்குள், அதில் ஒரு கபரகொயா, முதலை மாதிரிப் பெரிய உடும்பு, படுத்திருந்து எங்களைப் பார்த்தது. கொழும்புக்குப் பக்கத்தில் இப்படி ஒரு அமைதி இருக்கிறதென்று எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. ஆனால் ஐறீன் என்னைப் பார்க்கிற பார்வையில் எனக்கு அந்த அமைதியை அனுபவிக்க முடியவில்லை. நான் தண்ணீரைப் பார்த்தால் அவ என்னைப் பார்க்கிறா, நான் திரும்பினால் அவ தண்ணீரைப் பார்க்கிறா. வீடு சொந்தமோ, நான் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், வெள்ளிக்கிழமை விரதமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டா. காப்புறுதிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு வீடு வாங்கித் தருகிற புரோக்கர் என்று நினைத்தேன். எங்கள் பிளட்டை விற்கிற யோசனை இல்லை என்று சும்மா சொல்லி வைத்தேன், அவ விளங்காமல் முழித்தா.

பின்னேரம் பொழுது சாய இரண்டு வாவிக்கும் நடுவில் ஒரு ஒதுக்கில் கொண்டுபோய்க் கட்டினான். தேத்தண்ணியோடு அன்னாசி வெட்டி வைத்தார்கள். நான் ஒரு துண்டு எடுக்க, ஐறீன் சிரித்துக்கொண்டு, "பிரசாந்துக்குத்தான் பாவம் அன்னாசி ஒத்துக்காது, உதடெல்லாம் கடிக்குமாமே" என்றா.

ராசா, எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்றே நான் அந்த மனிசியிடம் சொல்லியிருக்கவில்லை. அப்பா உடனே இருமினார். மொறாயஸ் தூண்டிலை இன்னும் தூரமாக வீசினார். நான் துண்டைப் பீங்கானில் வைத்துவிட்டு, உங்களுக்கு என்ர மகனை எப்பிடித் தெரியும் என்று கேட்டேன். ஐறீனின் முகம் வெளிறிப் போயிற்று. அவ அப்பாவைப் பார்த்தா, அப்பா மேசையைப் பார்த்தார். பிறகு அப்பாதான் சொன்னார், நீ சொல்ல வேண்டியதை. மொறாயஸ் ஆட்களின் மகள் லவீனாவும் நீயும் ஒரே ஊரில், இரண்டு வருசத்துக்கு மேலாகப் பழக்கம், கட்டுவதென்று முடிவெடுத்துவிட்டீர்கள், பிள்ளை கிறிஸ்தவ வேதக்காரப் பிள்ளை என்றபடியால் அம்மா முதலில் ஆட்களைப் பார்த்துப் பழகட்டும் பிறகு சொல்லுவோம் என்று நீதான் இந்தப் படகை ஒழுங்குசெய்தாய் என்று. அப்பாவுக்குத் தெரியும், உஷாந்திக்குத் தெரியும், கொட்டாஞ்சேனையில் இருக்கிற இரண்டு பேருக்குத் தெரியும். உன்னைப் பெத்தவளுக்குத் தெரியாது.

நான் சத்தம் போடவில்லை. பியாலைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் படகைத் திருப்பச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, இயந்திரத்தின் சுழல்விசிறியில் நீர்ச்செடி சுற்றிவிட்டது, விடிந்துதான் வெட்டி எடுக்கலாம், இனி இருட்டில் இந்த ஆற்றால் போவது சரியில்லை நோனா என்றான். அதையும் நான் நம்பவில்லை, அப்பா அவனுக்குக் கண் காட்டியிருப்பார் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். சுற்றிவரத் தண்ணீர், கரையில் ஒரு வீடு இல்லை, ஒரு வெளிச்சம் இல்லை. நீ சொன்ன அதே ஆளில்லாத கரை. வெள்ளவத்தை என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலடிக்குப் போயிருப்பேன், அங்கே எங்கே போக? படகின் முன்பக்கத்தில் போய் இருந்தேன். அப்பா கொஞ்சநேரம் கழித்து வந்து பக்கத்தில் இருந்தார். "முதல்லயே சொல்லியிருந்தா நீ படகில ஏறியிருப்பியே?" என்று கேட்டார். அதற்குப் பதில் அவருக்கே தெரியும். அன்றிரவு ஒன்றும் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். படுத்துக்கொண்டு யோசித்தது அந்தப் பிள்ளை எந்தக் கோயிலுக்குப் போகிறது என்பதை இல்லை. என்ர பிள்ளை என்னிடம் ஒளிக்கப் பழகிவிட்டான், இன்னும் எதையெதை ஒளித்திருக்கிறான், நீ அங்கே காய்ச்சல் வருத்தமாய்க் கிடந்தாலும் எனக்குச் சுகம் என்றுதானே சொல்லுவாய் என்று அதைத்தான் யோசித்தேன்.

விடிய எழும்பி வெளியே வந்தால் வாவி முழுக்க வெள்ளைப் பனிப்புகார், ஐறீன் தனியாகத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றா. எனக்கும் ஒரு கோப்பை தந்துவிட்டு எதிரில் இருந்தா. மன்னிப்புக் கேட்கப்போகிறா என்று நினைத்தேன். கேட்கவில்லை. "நான் ஒண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க," என்றா. "எனக்கு உங்க மகன் மேல நம்பிக்கை இல்ல. பெத்த தாய்க்குச் சொல்லாத பையன் நாளைக்கு எங்க பிள்ளைக்கு என்னத்தை எல்லாம் மறைப்பான்? அதப் பாக்கத்தான் நான் வந்தேன். உங்களைப் பாக்க இல்ல."

எனக்கு ஏறின கோபத்தை எழுதமுடியாது. என்ர மகன் பொய்க்காரன் இல்லை, அவன் சின்னனிலேயே பயந்த பிள்ளை, ஆருடைய மனதையும் நோகடிக்கப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டு போக எனக்கே விளங்கியது, இரவெல்லாம் நான் உன்மேல் சொன்ன குற்றத்தைத்தான் இந்த மனிசி சொல்லுகிறா, நான் இருந்து மறுத்துக் கதைக்கிறேன். அவவும் அதைக் கண்டுகொண்டா போல, கொஞ்சம் சிரித்தா. உங்கட மகள் மட்டும் உங்களுக்கு எல்லாம் சொன்னவவோ என்று நான் திருப்பிக் கேட்டேன். போன கோடையில் கந்தோர் சிநேகிதிகளோடு கால்வாயில் படகில் போனதாக மகள் சொன்னா, அதற்குப் பிறகு மாதக்கணக்காக ஒரு கதையும் இல்லை, கிறிஸ்மசுக்குத்தான் உண்மை வந்தது என்றா. நான் போனை எடுத்தேன், அவவும் எடுத்தா, இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஒரே படகு, ஒரே சுக்கான், கூரையில் அதே பூப்போட்ட வாளி. ஒன்றில் நீ நிற்கிறாய், மற்றதில் அந்தப் பிள்ளை நிற்கிறது. உனக்கு அந்தப் பிள்ளை சிநேகிதன், அந்தப் பிள்ளைக்கு நீ கந்தோர் சிநேகிதிகள். ஐறீன் பார்த்துப் பார்த்துச் சிரித்தா, எனக்கும் அடக்க முடியவில்லை, சத்தம் கேட்டு மொறாயஸும் அப்பாவும் அறைக்கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டார்கள்.

சிரித்தோம் என்பதற்காக எல்லாம் சரி என்று நினைக்காதே. பிறகு இரண்டு பேரும் இருந்து கதைத்தோம், சர்ச்சில் கல்யாண எழுத்தோ கோயிலில் தாலியோ, பிறக்கிற பிள்ளைக்குப் பெயர் என்ன, ஞானஸ்நானமோ இல்லையோ. ஒன்றிலும் ஒத்துவரவில்லை. அவ விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை, நான் எப்படி என்று உனக்குத் தெரியும். ஆனால் அவ ஒன்றையும் மூடி மறைத்துக் கதைக்கவில்லை, முகத்துக்கு நேரே சொல்லுகிறா, அது எனக்குப் பிடித்தது. கதைத்துக்கொண்டு இருக்கையில் லவீனா தாய்க்குப் போன் எடுத்தது, ஐறீன் போனை என் கையில் தந்தா. நான் யாரென்று சொன்னேன். பிறகு, "அன்ரி, படகு வேண்டாம், அம்மாட்ட நேரா சொல்லுங்கன்னு நான் பிரசாந்த்கிட்ட எத்தனையோ தரம் சொன்னேன். அவருக்குப் பயம். எங்க அம்மாவுக்கும் நான் பிந்தித்தான் சொன்னேன், அது என் பிழை" என்றது. அழவில்லை, குழையவில்லை, உன்னைக் காப்பாற்றவும் பார்க்கவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்டது. இரவு சாப்பிடவில்லை என்றேன். அப்ப முதல்ல சாப்பிடுங்க அன்ரி, பிறகு ஏசுங்க என்றது. வெட்டிய பாணும் சம்பலும் இருந்தது, சாப்பிட்டேன். பியால் ஒரு செடியும் வெட்டாமல் வந்து கயிற்றை இழுக்க இயந்திரம் முதல் இழுவையிலேயே பிடித்துக்கொண்டது, நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் திரும்பவும் நீர்க்காகம் தேடினார்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். நான் ஓம் என்று சொல்லவில்லை. ஐறீனும் சொல்லவில்லை. டிசம்பரில் இரண்டு பேரும் வாருங்கள், நீ எங்கள் வீட்டில் என் முன்னால் நின்று உன் வாயால் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளை கொட்டாஞ்சேனையில் தாயின் முன்னால் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு பதில். இது நாங்கள் இரண்டு தாய்மாரும் பேசி எடுத்த முடிவு, அப்பாமாரிடம் கேட்கவில்லை. அதுவரைக்கும் உன்னில் எனக்குச் சந்தேகம், அப்பாவில் சந்தேகம், உஷாந்தியில் சந்தேகம், பியாலில் கூடச் சந்தேகம். இவ்வளவு பேருக்குள்ளும் நான் கேட்காமலே எனக்கு உண்மை சொன்னது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதை நீ யோசித்துக்கொள்.

குளிருக்குள் தலை ஈரத்தோடு வெளியே போகாதே, வெளிச் சாப்பாட்டைக் குறை. எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும் என்று தினமும் கும்பிடுகிறேன், இன்றைக்கு அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன், அதைப் பெரிதாக எடுக்காதே. டிக்கட் போட்டவுடன் முதலில் எனக்குச் சொல். அப்பாவுக்குப் பிறகு சொல்லலாம்.

உன்னில் கோபம் ஆறாத,
அன்பு அம்மா
நேசமலர் வரதராசா