சௌபாக்கியவதி என்று எழுத வேண்டாம்

ஸ்ரீரங்கம்,
5-2-1964

சௌபாக்கியவதி வள்ளிக்கண்ணு அவர்களுக்கு, போர்வீரர் குடும்ப உதவிச் சங்கத்தின் காரியதரிசி ரங்கசாமி அநேக ஆசீர்வாதம். எழுத வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு ஏதாவது விட்டுப்போகும்.

1. நினைவுக்கல்.
2. அதில் உங்கள் கணவர் பெயர் இல்லாத காரணம்.
3. தையல் வகுப்பு.

முதலாவது: சீனச் சண்டையில் உயிர்விட்ட நம் ஜில்லாக்காரர்களின் பெயர்களைப் பொறித்து, கண்டோன்மெண்டில் சங்கத்து வாசலில் ஒரு கல் நிறுத்தியிருக்கிறோம். அடுத்த மாதம் திறப்பு.

இரண்டாவது: தர்மராஜைக் காணவில்லை என்று முன்பு சொன்ன பட்டாளத்தார், இப்போது இறந்ததாகக் கருதுவதாக எழுதியிருக்கிறார்கள். கமிட்டியில் எல்லோரும் பெயரைச் சேர்க்கலாம் என்றார்கள். கூட்டங்களில் வாய் திறக்காத நான் அன்று எழுந்து, காத்திருக்கும் மனைவியின் கண்ணில் அந்தக் கல் படலாமா என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார்கள். செய்தது சரியென்றே நினைக்கிறேன்.

மூன்றாவது: தையல் வகுப்பில் உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். பஸ் செலவைச் சங்கம் கொடுக்கும்.

இப்படிக்கு,
ரங்கசாமி


லால்குடி,
14-2-1964

ஐயா அவர்களுக்கு வள்ளிக்கண்ணு வணக்கம்.

நீங்கள் நல்லதை நினைத்துத்தான் செய்தீர்கள். ஆனால் நான் காத்திருக்கவில்லை. பட்டாளத்துக் கடிதம் வந்த அன்றே அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. உலை வைக்கிறேன், வடிக்கிறேன்.

என் மாமியார் பாப்பாயி அம்மாள் நம்பவில்லை. "கருதுறாங்களாம். பாத்தேன்னு சொல்ல ஒருத்தனுக்கு வாய் இருக்கா?" என்கிறார். தினமும் சாயங்காலம் பூ வாங்கி என் தலையில் வைத்துவிடுகிறார். மகனுக்கும் ஒரு தட்டில் சோறு போடச் சொல்கிறார். பிறகு அதை நான்தான் எடுத்துக் கொட்டுகிறேன்.

உங்கள் கவரின் மேல் சௌபாக்கியவதி என்று இருப்பதைத் தபால்காரர் உரக்கப் படிக்கிறார். "கேட்டியாடி, படிச்சவங்களே எழுதியிருக்காங்க" என்று மாமியார் தெருவுக்கே சொல்கிறார். கல்லிலும் பெயர் இல்லை என்று தெரிந்தால் கேட்கவே வேண்டாம்.

கருமாதி நடக்கவில்லை. நான் ஒருமுறை உட்கார்ந்து அழ வேண்டும் ஐயா. அதற்கு இந்த வீட்டில் வழியில்லை. இனி அப்படி எழுத வேண்டாம். அவர் பெயரை வெட்டச் சொல்லுங்கள்.

தையல் வகுப்பைப் பற்றி இப்போது யோசிக்க முடியவில்லை.

வள்ளிக்கண்ணு


ஸ்ரீரங்கம்,
22-3-1964

வள்ளிக்கண்ணு அவர்களுக்கு ரங்கசாமி எழுதுவது.

பெயரை வெட்டியாகிவிட்டது. திறப்பன்று நீங்கள் வரவில்லை. மறுநாள் உங்கள் மாமியார் மட்டும் பஸ் ஏறி வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேரே என் மேஜைக்கு வந்து, "எம் மகன் செத்தத நீங்க பாத்தீங்களா சாமி?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப எப்படி எழுதினீங்க?" என்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

வெளியே போய்க் கல்லின் முன் நின்றார். படிக்கத் தெரியாதே என்று பின்னால் போனேன். எது என்று கேட்டார். காட்டினேன். "அவங்கப்பா பேரு முன்னால இருக்கா?" என்றார். வெள்ளைச்சாமிக்கு 'வெ' என்று ஒரே எழுத்து இருக்கிறது என்றேன். அதன்மேல் உள்ளங்கையை வைத்தபடி கல்லோடு உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறியும் எழுந்திருக்கவில்லை. அழவும் இல்லை. நான் சற்றுத் தள்ளி நின்றிருந்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

பஸ் ஏற்றிவிட்டபோது, "வீட்ல சொல்ல எனக்கு வாய் வராது. அவள வந்து பாக்கச் சொல்லி நீங்களே எழுதிடுங்க. பாத்துட்டு அழட்டும்" என்றார். அதற்காகவே இக்கடிதம்.

எந்த நாளானாலும் வாருங்கள். அந்த நேரம் வாசலில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

முதல் கடிதத்தில் இரண்டாவதாக நான் எழுதியது தவறு.

ரங்கசாமி