சாகக்கூடாத பூதம்

என் தம்பி செய்யதுக்கு,

அங்கே கரண்டு ஒழுங்காக வருகிறதா? இங்கே அருப்புக்கோட்டையில் நேற்றும் மத்தியானம் முழுக்க இல்லை. கரண்டு போனாலே எனக்கு உன் ஞாபகம்தான். ஃபேன் சுற்றி நிற்பதற்குள் "சேவ் பண்ணியாச்சாக்கா?" என்று கேட்கிற ஆள் நீ ஒருத்தன்தானே.

நாம் பாதியில் விட்ட கடைசிச் சண்டை எப்படி முடிந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் "கம்ப்யூட்டருக்குள்ள பூதமா?" என்று என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். கூட நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டுமே.

அண்ணாச்சி தன் எண்ணெய்க் கடை மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் ஆரம்பித்தது மருமகன் பேச்சைக் கேட்டு. ஒரு பெரிய மெஷின், அதிலிருந்து கம்பி இழுத்து வரிசையாகப் பச்சை எழுத்துத் திரைகள். நான் அங்கே வகுப்பெடுத்தேன். நீ வீரசோழனிலிருந்து பஸ்ஸில் வந்து, துபாய் போவதற்கு முன்னால் ஒரு கோர்ஸ் முடிக்கலாம் என்று சேர்ந்தவன். கோர்ஸ் முடிந்தது. நீ போகாமல் அங்கேயே வேலைக்கு உட்கார்ந்துவிட்டாய். உன் அத்தா "எப்ப கெளம்புற மகனே?" என்று கேட்கும்போதெல்லாம் "விசா வரட்டும்" என்றாய். வந்த விசா உன் மேஜை டிராயரில் கிடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வெளிநாட்டில் இப்படி விளையாடுகிறார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு வேஷம், ஆனால் எல்லோரும் நடப்பது ஒரே ஊருக்குள். ஒருத்தர் பேசினால் மற்றவர் திரையில் விழும். படம் கிடையாது, எல்லாம் எழுத்து. 'மேற்கே போ' என்று அடித்தால் போகும், 'வெட்டு' என்றால் வெட்டும். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்துக்கொள்ளலாம் என்றாய்.

கதையும் உன்னுடையதுதான். வருஷக்கணக்காகக் காய்ந்து கிடக்கிற கம்மாய். அதன் தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு மடையை அடைத்துப் படுத்திருக்கிற பூதம். புதையலுக்கும் இளவரசிக்கும் சண்டை போடச் சொல்லியிருந்தால் நம் பிள்ளைகள் கொட்டாவி விட்டிருப்பார்கள். தண்ணீர் என்றதும் திருச்சுழிப் பையன்கள் அரிவாளோடு கிளம்பிவிட்டார்கள்.

ஊர், ஓடை, கருவேலங்காடு எல்லாம் சுலபமாக வந்தது. கடைசிச் சண்டைதான் நம்மைப் படாதபாடு படுத்தியது.

முதலில் எழுதியது நான். பூதத்துக்கு மலையளவு பலம் கொடுத்தேன். வெட்ட வேண்டும், வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெறும் என்டர் தட்டினால் கடைசியாகச் சொன்ன வேலையையே திரும்பச் செய்யும் என்று ஒரு வசதியும் வைத்தேன். பந்தல்குடி லாரி ஆபீஸ் ராஜு மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் வெட்டினான். அப்புறம் தூங்கிவிட்டான். அவன் நெற்றி என்டர் பட்டன் மேல் இருந்தது. கண் விழித்துப் பார்த்தால் பூதம் செத்து, கம்மாய் நிறைந்து, ஊரே அவனை வாழ்த்திக்கொண்டிருக்கிறது.

"என்னக்கா ஆச்சு?" என்றான், நெற்றியில் சதுரமாக ஒரு தடத்தோடு.

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "தூங்குறவன் ஜெயிக்கிறதெல்லாம் ஒரு சண்டையாக்கா?"

அடுத்தது நீ எழுதினாய். ஒரே அடி, ஆள் காலி. ராஜு போனான், செத்தான். திரும்பப் போனான், திரும்பச் செத்தான்.

"ஏலே செய்யது, நான் எதுனால செத்தேன்னாச்சும் சொல்லுவியா?"

"பூதம் அடிச்சுச்சு."

"அடிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லுச்சா?"

அந்தக் கேள்வி உன்னைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு வாங்கி வந்த வடையை நீ தொடவில்லை, நான்தான் சாப்பிட்டேன். மறுநாள் வந்து சண்டையை அடியோடு மாற்றினாய். அடிப்பதற்கு முன்னால் பூதம் தொடையைத் தட்டும். தட்டினால் மடைக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கும். இழுத்தால் எல்லோரும் ஒரே கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒருத்தன் கயிறு கொண்டுவந்திருக்க வேண்டும், இன்னொருத்தன் அரிவாள். தனியாகப் போனால் நடக்காது.

அதற்கப்புறம் செத்தவர்கள் பூதத்தைத் திட்டவில்லை. "தொடையத் தட்டுச்சு, நான்தான் பாக்கல" என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்கள். உன் சின்னத்தா துபாயிலிருந்து கொண்டுவந்த கம்ப்யூட்டரை மோடம் வைத்து டெலிபோன் வழியாக நம் மெஷினோடு இணைத்தாயே, அதில் வீரசோழனிலிருந்து உன் தங்கச்சி ஜமீலாவும் சேர்ந்துகொண்டாள். போன் கீச்சிட்டால் ராஜு "வீரசோழன் பஸ்ஸு வந்துருச்சு" என்பான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணாச்சி ஒருநாள் திரையை எட்டிப் பார்த்தார்.

"செருப்ப வெளிய விட்டியாலே?" என்று பூதம் கேட்டுக்கொண்டிருந்தது. "எவன்லே ஃபேனை நிறுத்தாமப் போனவன்?" என்று உறுமியது. அண்ணாச்சி நிதானமாக வாசித்தார். கீழே கடைக்கு இறங்கினார். டீ குடித்துவிட்டுத் திரும்ப ஏறி வந்தார்.

"பூதம் நான்தானா?"

நீ நாற்காலியை விட்டு எழுந்தாய். "ஒரு மரியாதைக்குத்தான் அண்ணாச்சி."

"கடைசில நான் என்ன ஆகுறேன்?"

"செத்துருவீக."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். "எனக்கு ஏழரைச் சனி ஓடுதுப்பா. சோசியரு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீகங்காரு, கெணத்த எட்டிப் பாக்காதீகங்காரு. இதுல நீங்க இத்தனை பேரு சேந்து தெனமும் என்னைய வெட்டுறீக. பூதமா இருந்துக்கிறேன், அதுல ஒண்ணுமில்ல. ஆனா சாக மாட்டேன்."

எனக்கு எரிச்சல். உனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, இதுதான் சரியான சண்டை. சாகாமத் தோக்கணும். தோத்தது பூதத்துக்கும் சந்தோசமா இருக்கணும்" என்று சென்டருக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தாய். மூன்று முறை களைக்க வைத்தால் பூதம் கரையில் உட்கார்ந்துவிடும், இனி பேச்சுதான் என்கிறவரை எழுதினாய். அதற்குமேல் ஒன்றுமில்லை. பூதம் உட்காரும், திரை சும்மா மினுக்கும்.

அந்த வாரம்தான் உன் கண் மஞ்சளாக இருக்கிறது என்று சொன்னேன். பச்சைத் திரையையே பார்ப்பதால் எனக்கு அப்படித் தெரிகிறது என்றாய். ஒரு வேளை நாட்டு மருந்து, மறு வேளை புரோட்டா என்று உன் வைத்தியம் நடந்தது. பிறகு வீட்டிலிருந்து போன் பண்ணினாய். "முடிவு கெடைச்சிருச்சுக்கா. போன்ல சொன்னா நல்லாருக்காது. வந்து சொல்லுறேன்."

நீ வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், துணி போர்த்தித் திரும்பக் கொண்டுவந்தார்கள். உன் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தபோது, அந்த முடிவு என்னவாக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் யோசிக்கிற விஷயமா அது? ஆனால் அதைத் தவிர வேறு எதை யோசித்தாலும் எழுந்து வெளியே ஓடிவிடுவேன் போல இருந்தது.

சில மாதம் கழித்து அண்ணாச்சி வந்து நின்றார். "கலர் கம்ப்யூட்டரு வருதும்மா. பழச எல்லாம் திங்கக்கெழம எடுத்துட்டுப் போறாக. ஞாயித்துக்கெழம வேணா அந்தப் பூதத்த ஒருக்கா ஓட்டிக்கிருங்க. எப்படி முடியுது?"

"தெரியல அண்ணாச்சி."

"சாகலேல்ல?"

"சாகல."

அந்த ஒரு வாரம் எத்தனை முடிவு எழுதிப் பார்த்தேன் தெரியுமா? பூதம் காசிக்குப் போவது. பூதம் தூங்கிவிடுவது. மல்லாங்கிணற்றில் பெண் பார்த்துப் பூதத்துக்குக் கல்யாணம் பண்ணி வைப்பது. ஒவ்வொன்றையும் உன் காதால் கேட்டுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றாய். பிடிக்காததற்குப் போடுகிற உன் "ம்" எனக்குத் தெரியாதா? கடைசியில் சனிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தேன். சண்டை முடிந்து பூதம் உட்கார்ந்ததும், நானே பூதமாக உட்கார்ந்து பதில் அடிப்பது. யாராவது நிஜமாகவே என்னை அசைக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னால் தண்ணீர். இல்லையென்றால் இல்லை.

"அப்ப பூதம் நீயா?" என்று அண்ணாச்சிக்கு லேசாக வருத்தம்.

"பேச்சு உங்களுது அண்ணாச்சி. விரலு மட்டும் என்னுது."

ஞாயிறு மத்தியானம் எல்லாத் திரையிலும் ஆள். பழைய ஆட்கள் வெளியூரிலிருந்தும் வந்திருந்தார்கள். அண்ணாச்சி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். பூதம் முதல்முறை களைத்தபோது போன் கீச்சிட்டது. எல்லார் திரையிலும் ஒரு வரி விழுந்தது.

'செய்யது கம்மாய்க்குள் வருகிறார்.'

ஒரு கை அசையவில்லை. ராஜு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததில் பூதம் அவனை அடித்துக் கொன்றுவிட்டது. "திருநீறு இருக்காம்மா?" என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

'யார்?' என்று அடித்தேன்.

'நான் ஜமீலா, அக்கா. அத்தா பக்கத்துல இருக்காக. அவுக சொல்லச் சொல்ல நான் அடிக்கிறேன். அண்ணன் பேர்லதான் வருவேன்னுட்டாக.'

உன் அத்தா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல்முறை. வந்தவர் பூதத்தை ஒரு வெட்டு வெட்டவில்லை. மற்றவர்களைப் பார்த்துக்கொண்டார். 'தம்பி, ஒதுங்கு. தொடையத் தட்டுறான்.' 'எல்லாரும் கயித்தப் பிடிங்கப்பா, மூச்ச இழுக்குறான்.' யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்தே புரிந்துகொண்டார். நீ எழுதிய சண்டைக்கு அதைவிட என்ன பாராட்டு வேண்டும்?

மூன்றாவது முறை களைத்துப் பூதம் கரையில் உட்கார்ந்தது. இனி என் பாடு. ராஜு உயிர் பிழைத்து வந்து ஒரு லாரி லோடு கரும்பு தருவதாகச் சொன்னான். ஒருத்தன் கலெக்டருக்கு மனு கொடுப்பேன் என்று மிரட்டினான். இன்னொருத்தன் கிடா வெட்டுவதாக நேர்ந்துகொண்டான். எல்லாவற்றுக்கும் மாட்டேன் என்றேன். பின்னாலிருந்து அண்ணாச்சி "குடுக்காத, குடுத்துராத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அப்போது உன் பெயரில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'பூதத்தாரே, ஒரு சந்தேகம்.'

'கேளும்.'

'ஒரு கம்மாத் தண்ணியவும் வயித்துல வச்சுக்கிட்டு இத்தனை வருசமா உக்காந்திருக்கீகளே. ஒண்ணுக்கே போகலையா?'

வீரசோழனில் சத்தமாகக்கூடப் பேசாத பெரிய மனுஷர் உன் அத்தா. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் எங்களைக் கவிழ்த்தது. முதலில் சிரித்தது அண்ணாச்சி. சுகர் மனுஷர், ஒண்ணுக்குப் போக மாடிப்படி ஏறி இறங்கியே காலம் போகிறவர். "நாயமான கேள்விம்மா, நாயமான கேள்வி" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குத் திரை தெரியவில்லை, கண்ணெல்லாம் தண்ணீர். அது எந்தத் தண்ணீர் என்று கேட்காதே.

'பூதம் சிரிக்கிறது. வயிறு குலுங்குகிறது. மடை திறந்துகொள்கிறது. தண்ணீர் வருகிறது' என்று அடித்தேன்.

அண்ணாச்சி சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "எந்த வழியா வருதுன்னு போட்டுராத."

போடவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைக் கேள். எல்லோரும் 'நீந்து' என்று அடித்தார்கள். மெஷின் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னது: 'அந்த வேலை எனக்குத் தெரியாது.' வெட்டு, குத்து, தோண்டு, ஓடு, ஒளி என்று எத்தனை சொல் எழுதினோம். நீந்து என்று ஒன்று வேண்டும் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தண்ணீரே பார்க்காத நம் ஊர்க்காரர்கள் எழுதியதென்று சொல்லத் தனியாக அத்தாட்சி வேண்டாம்.

சாயங்காலம் உன் அத்தா போன் பண்ணினார். "ஏம்மா, நான் கேட்டது தப்பில்லையே? மெய்யாலுமே சந்தேகமாத்தான் கேட்டேன்."

"தப்பில்லைங்க. அதுலதான் ஜெயிச்சோம்."

"அவனும் இதைத்தான் நெனச்சு வச்சிருந்தானாம்மா?"

"தெரியலைங்க."

"துபாய்க்குப் போ, போன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அங்க அப்படி என்னதாண்டா இருக்குன்னு ஒருநா பஸ் ஏறி வந்து பாத்திருக்கலாம். சிரிச்சிருக்கலாம் அவன்கூட."

அவருக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீ நினைத்து வைத்திருந்த முடிவுதான் என்ன? அதைவிட நன்றாக இருந்திருக்குமா?

இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்டர்நெட் வந்துவிட்டது. வெளிநாட்டு விளையாட்டு ஒன்றை அங்கே பார்த்தேன். படம், கலர், சத்தம், உலகம் முழுக்க ஆட்கள். கடைசியில் வருகிற ராட்சசன் நெருப்புக் கக்குகிறான். கூட்டமாகச் சேர்ந்து அடித்தார்கள், விழுந்தான், எல்லோரும் தங்கத்தைப் பொறுக்கிக்கொண்டு கலைந்தார்கள். யாரும் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பார்த்திருந்தால் அதற்கும் ஒரு "ம்" போட்டிருப்பாய். அண்ணாச்சிக்கு ஏழரை விட்டுவிட்டது. எண்ணெய் வாங்க வருகிறவர்களிடம், தான்தான் கம்மாய்க்குத் தண்ணீர் விட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒன்று பாக்கி. திங்கட்கிழமை மெஷினை நிறுத்தப் போனால், உள்ளே இன்னும் ஒருத்தர் இருக்கிறார், நிறுத்தவா என்று கேட்டது. மற்றவர்கள் எல்லோரும் முறையாக வெளியேறியிருந்தார்கள். சந்தோஷத்தில் வீரசோழனில் வெளியேறாமலே போனை வைத்துவிட்டார்கள் போல. 'செய்யது. கம்மாய்க்குள். தண்ணீரில் நிற்கிறார்' என்று இருந்தது. வண்டிக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். நான் உன்னை நிற்கிற இடத்திலேயே, தண்ணீரோடும் கரையோடும் பூதத்தோடும் ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஸ்விட்சில் கை வைத்தேன்.

என்றைக்காவது வேறொரு மெஷினில் அந்த ஊரைத் திரும்ப எழுப்புவேன். அன்றைக்கு முதலில் எழுதுகிற சொல் 'நீந்து' என்பதாகத்தான் இருக்கும். உன்னைக் கரையேறச் சொல்ல மாட்டேன். வேண்டுமட்டும் நீந்து.

உன் அக்கா,
கோமதி