கூழில் கட்டி இருக்கும்

அருணா,

நேற்று கிரிவலத்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் முன்னால், புதுப் பல் பதித்துத் தையல் போட்ட வாயோடு நீ குழறுவதுபோலப் பேசிக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ வாயைப் பொத்திக்கொண்டாய். அதோடு ஒரு பருக்கைகூடத் தொடவில்லை.

கேழ்வரகுக் கூழை ஆறவைத்து மோர் கலந்திருக்கிறேன். கட்டி இருக்கும், என் மண்டை என்று நினைத்து நசுக்கு. குக்கரில் பருப்புச் சாதம் குழைய வைத்திருக்கிறேன். தையல் போடாத பக்கமாக மெல்லு. ஸ்ட்ரா வேண்டாம், டம்ளரில் குடி. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை.

என் மேலுள்ள கோபத்தைச் சோற்றின் மேல் காட்டாதே.

திருமலை

பி.கு: சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டு, "நான் பண்ணது தப்புங்க" என்றேன். "எங்ககிட்ட எதுக்குங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று வைத்துவிட்டார். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் இந்தச் சீட்டு. சாயந்திரம் வந்து நேரிலும் சொல்கிறேன். அதுவரை பட்டினி கிடக்காதே.