விஜயதசமி காலையில் கத்திய கம்ப்யூட்டர்

மயிலாப்பூர்,
விஜயதசமிக்கு மறுநாள்

சௌபாக்கியவதி ஹம்சாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறீர்கள் என்ற நினைப்பிலேயே எங்கள் பொழுது விடிகிறது. நேற்றுதானே அவ்வளவு நேரம் பேசினோம், இன்று எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நன்றி சொல்ல வந்தால் "போம்மா, ஆபீஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாதே. தபால் வந்து சேர நாளாகும், எழுதிப் போட்டோ பிடித்து இன்றே போனில் அனுப்பிவிடுகிறேன்.

ராயப்பேட்டை சாய்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், பார்வையில்லாத பெண், ஆசிரியர் வேலைக்கான தேர்வு எழுதப் போகிறாள், அவளுக்காக உளவியல் புத்தகத்தை வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து வருகிறேன். தேர்வு இந்த ஞாயிறு. வாசித்து முடித்த ஆறு பாடங்களை மொத்தமாக அனுப்பலாம் என்று அதிலேயே வைத்திருந்தேன், கடைசிப் பாடம் ஒன்று பாக்கி. நடுவில் சரஸ்வதி பூஜை, அன்று புத்தகத்தைத் தொடமாட்டோம் என்று சொன்னேன். "பரவால்ல டீச்சர், ஆனா சரஸ்வதி அம்மாவ என் எக்ஸாம் முடிஞ்சப்புறம் ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லிருக்கலாம்" என்றாள் போக்கிரி. விஜயதசமி காலையில் முதல் வேலை உன் பாடம்தான் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தக் காலையில்தான், புனர்பூஜை முடிந்து, பூஜைக்கு வைத்த எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் வைத்துக் கம்ப்யூட்டரைப் போட்டால், திரை கறுப்பாக இருக்கிறது, பெட்டி கீ கீ கீ என்று நிற்காமல் கத்துகிறது. அணைத்துப் போட்டேன், அதே கத்தல். அப்பா எட்டிப் பார்த்து, "லாரி ரிவர்ஸ் எடுக்கறாப்பல கத்தறதே, பின்னாடி யாரும் நிக்காதேங்கோ" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஹம்சா. ஆறு பாடமும் போய்விட்டால் அந்தப் பெண் எதை வைத்துப் படிப்பாள்? நீ காலேஜில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர், உன்னைத் தவிர யாரைக் கேட்பேன், அங்கே உனக்குச் சாப்பாட்டு நேரம் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

"எப்படிக் கத்தறது, கத்திக் காமி" என்றாய். போனை ஸ்பீக்கரில் வைத்துவிட்டு, கொலுப்படி முன்னால் நின்று நான் கீ கீ என்று கத்த, அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நீட்டி நீட்டிக் கத்தினால் உள்ளே ஏதாவது தளர்ந்திருக்கும், இது அப்படி இல்லை என்றாய். பிறகு, "கிளாஸ்ல எவளோ ஒருத்தி முனகினா, ஒவ்வொரு பெஞ்சா வெளில அனுப்பிக் கண்டுபிடிப்பேன்னு சொல்வியே, அதையே பண்ணேன்" என்றாய். என் பழைய உதாரணம் உன்னிடம் பத்திரமாக இருக்கிறதே என்று அந்தப் பதற்றத்திலும் குளிர்ந்துபோனேன். அணைத்துவிட்டுப் பிரிண்டர் ஒயரைக் கழற்றிப் போட்டேன், கத்தல். மைக்கைக் கழற்றினேன், கத்தல். மவுஸும் போயிற்று, கத்தல். கீபோர்டைக் கழற்றியதும் ஒரே ஒரு 'டிக்', அப்புறம் நிசப்தம், திரையில் வெளிச்சம்.

காரணம் நான்தான். பூஜையில் கீபோர்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன், பெரிய பட்டனாக இருக்கிறதே என்று என்டர் பட்டனில் தாராளமாக வைத்து, ஈரம் காயும்முன் அதன்மேல் நாலு தடிப் புத்தகங்களை அடுக்கிவிட்டேன். ராத்திரி முழுக்க அமுங்கி, விளிம்பில் வழிந்த சந்தனம் சிமென்ட் மாதிரி இறுகிவிட்டது. எழுந்தவுடனே யாரோ விடாமல் அழுத்துகிறார்களே, கையை எடு என்று அது கத்தியிருக்கிறது, பாவம். நீ சொன்னபடி பஞ்சை நனைத்துப் பிழிந்து துடைத்து, பல்குச்சியால் சுரண்டி, மின்விசிறியில் உலர்த்தி மாட்டினேன். ஆறு பாடமும் அப்படியே இருந்தன, உடனே அனுப்பிவிட்டேன்.

"மெக்கானிக்க வரச் சொல்லேன்" என்றார் அப்பா. நீயும் அப்படிச் சொல்லிப் போனை வைத்திருக்கலாம். நான் தப்பான ஒயரைப் பிடுங்கினபோதெல்லாம் "பரவால்லம்மா, திரும்பப் பாரு" என்றாய். எத்தனையோ பிள்ளைகளுக்கு நான் சொன்ன வார்த்தை அது, இந்த வயதில் எனக்கு ஒருவர் சொல்லக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. சாய்மா வேலைக்குப் போய் அவளும் யாருக்காவது சொல்லட்டும்.

இன்னொன்று. சந்தோஷத்தில் போனை அணைக்க மறந்து, கடைசிப் பாடத்தை அப்போதே வாசித்துப் பதிவு செய்து அனுப்பினேன் அல்லவா, இன்று காலை சாய்மா கூப்பிட்டாள். "டீச்சர், நடுவுல டிபன் பாக்ஸ் மூடுற சத்தம் கேக்குது, யாரோ லேசா சிரிக்கறாங்க, யாரு அது?" என்றாள். போட்டுக் கேட்டேன், நீதான். போனை வைக்காமல் பாடம் முழுக்க இருந்திருக்கிறாய். என் பொண்ணு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்றேன். அந்தச் சத்தத்தை வெட்டி அனுப்புகிறேன் என்றதற்கு, "வேணாம் டீச்சர், இருக்கட்டும். இத்தினி நாள் தனியா படிக்கற மாதிரி இருந்துச்சு" என்றாள்.

இருவரும் தீர்க்காயுசாக, நிறைவாக இருங்கள். மத்தியானச் சாப்பாட்டை ஆறவிடாதே. ஞாயிற்றுக்கிழமை சாய்மாவை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள், உன் வகுப்புத் தோழி.

உன் அம்மா,
நீரஜா